பச்சைச் சட்டை, சிவப்புத் தாவணி

கோரிப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தபோது, அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து இரண்டு காமிக்ஸ் எடுத்து வருவான். முகமூடி போட்டு, முதுகில் அங்கி பறக்க, கட்டடங்களுக்கு மேலே தாவுகிற வீரனின் கதைகள். தான் படித்து முடித்ததும் பந்து விளையாடப் போய்விடுவான். மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை புத்தகம் எனக்கு.

பத்தாவதோடு என் படிப்பு நின்ற வருடம் அது. துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படிப்பேன். வில்லன் உதை வாங்கும் பக்கத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வேன். அம்புட்டு சந்தோஷத்தையும் சொல்ல ஆள்தான் இல்லை. கூடப் படித்தவர்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேசவும் வராது.

அந்தக் காமிக்ஸில் அட்டைக்கு மட்டும்தான் வண்ணம். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு அட்டையில் அங்கி சிவப்பாக இருக்கும், அடுத்ததில் பச்சையாக இருக்கும். ஒருநாள் கடைசிப் பக்க விளம்பரத்துக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: "அங்கி பச்சைதான். சிவப்புன்னு சொல்றவன் மடையன்."

யார் எழுதியதோ தெரியாது. துணிக் கிளிப் டப்பாவில் கிடந்த பென்சிலை எடுத்து, "சிவப்பு. மடையன் நீதான்" என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன்.

"படிச்சதையே எதுக்குடி திரும்பப் படிக்கிற?" என்றான் அண்ணன்.

"கதை மறந்துபோச்சுண்ணே."

"ரெண்டு வாரத்துல மறக்குற மண்டை. நல்லவேளை, படிப்ப நிறுத்துனாங்க."

புத்தகத்தில் பதில் இருந்தது: "மாப்ள, கண்ணாடி போடு."

என்னைப் பையன் என்று நினைத்துவிட்டான். அந்தக் கடைக்கு வருகிற எல்லாருமே பையன்கள்தான், வேறு எப்படி நினைப்பான்? திருத்தி எழுத பென்சிலை எடுத்தேன். பெண் என்று தெரிந்தால் மரியாதையாக விலகிவிடுவான் என்று தோன்றியது. "போடா" என்று மட்டும் எழுதினேன்.

ஒரு புத்தகத்தில் இடம் தீர்ந்தால் அடுத்ததில் என்று, இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. புதுப் புத்தகம் வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். பிறகு ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: "வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கடைக்கு வா மாப்ள. நான் பச்சைச் சட்டை. நீ சிவப்பு."

என்னிடம் சிவப்பில் ஒரு தாவணி இருந்தது. புத்தகக் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வேண்டும் என்று அம்மாவை அந்தச் சனிக்கிழமையே கிளப்பினேன். அம்மா உள்ளே தையல்காரரோடு கை அளவு சரியில்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

நாலடி தள்ளிப் பச்சைச் சட்டை. ஒல்லியான பையன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

"என்னடா, இம்புட்டு நேரமா நிக்கிற? புத்தகம் எடுக்கலையா?" என்றார் கடைக்காரர்.

"கூட்டாளி வரணும்ண்ணே."

"எப்புடி இருப்பான்? வந்தா சொல்றேன்."

"தெரியாதுண்ணே. சிவப்புச் சட்டை போட்டுருப்பான்."

"மூஞ்சியே தெரியாதவன் என்னடா கூட்டாளி!"

அவனும் சிரித்தான். திரும்பியவன் என்னைப் பார்த்தான். என் தாவணியையும் பார்த்திருப்பான். உடனே பக்கத்தில் சைக்கிளோடு நின்றவரிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. பொம்பளப் புள்ள நிக்குது" என்று சொல்லி, தானும் விலகி எனக்கு இடம் விட்டான்.

"நான்தான்" என்று சொன்னால் போதும். முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஜாக்கெட்டோடு வெளியே வந்துவிட்டார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"காய்ச்சல் மாப்ள, வர முடியல" என்று அடுத்த புத்தகத்தில் பொய் எழுதினேன். அதற்கு வந்த பதில்: "பரவாயில்ல. அப்பாவுக்கு மாத்தலாயிருச்சு. திங்கக்கிழமை ஊரக் காலி பண்றோம். அதான் ஒருதரம் பாத்துரலாம்னு நெனச்சேன். அங்கி பச்சைதான்."

நான் அதைப் படித்தபோது அந்தத் திங்கட்கிழமை போய்விட்டிருந்தது. கீழே ஒரு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. ஒன்றும் எழுதாமல் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது விளாங்குடியில் இருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில். போன வருடம் புத்தகக் கண்காட்சியில் அந்தப் பழைய கதைகளை வழவழத் தாளில் முழு வண்ணத்தில் மறுபடி போட்டிருந்தார்கள். ஒன்றை வாங்கி, பஸ்ஸிலேயே பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அங்கி ஊதா.

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தில், "மாப்ள, ரெண்டு பேருமே தப்பு. ஊதா" என்று பென்சிலில் எழுதினேன். அதற்குக் கீழே, "அன்னைக்கு நான் வந்திருந்தேன்" என்றும் எழுதினேன். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. இது என் சொந்தப் புத்தகம். இதை எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை.