கூனிமேட்டில் கலந்த சர்வீஸ் பேக்

2005-ல் மரக்காணத்திலிருந்து பைக்கில் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். கூனிமேட்டில் பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர் என் பொறுப்பு. மனிதர் தங்கம். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டதும், வைரஸ் புகாமலிருக்க சர்வீஸ் பேக் என்ற அப்டேட்டையும் போட வேண்டும். அதற்குள் நெட் வயரைச் சொருகிவிடுவார்.

"கஸ்டமர் வெய்ட் பண்றாங்கப்பா! உன் பேக்கை அப்புறமா போட்டுக்க."

அப்புறம் எங்கே போடுவது? வைரஸ் நுழைந்து, 'ஒரு நிமிடத்தில் சிஸ்டம் அணையும்' என்று திரையில் ஒரு பெட்டி வந்து நொடிகளை எண்ண ஆரம்பித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமையும் அதே கூத்துதான். ஷமீமா என்ற பெண் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் வந்திருந்தாள். கணவன் துபாயில். பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. கேமரா இருந்ததோ ஒரே சிஸ்டத்தில்.

"மச்சான், தெரியுதா? அப்பிடியே உங்க மூக்கு..."

அணைந்தது. மறுபடி ஆன் செய்தோம். நெற்றி தெரிந்தது, அணைந்தது. அடுத்த தடவை ஒரு கால்.

"புள்ளைய பார்ட் பார்ட்டா காட்டறீங்களேப்பா!" என்று துபாயிலிருந்து கத்தினான்.

ஷமீமா அழுதேவிட்டாள். "அடுத்த வெள்ளிக்கிழமையோட அவரை பாலைவன கேம்ப்புக்கு அனுப்பிடறாங்கண்ணே. அங்க போன்தான், நெட்டு கெடையாதாம்."

பாயைத் திருத்த முடியாது, சிடியைத் திருத்தலாம். வீட்டில் எக்ஸ்பி சிடியை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, சர்வீஸ் பேக்கை அதிலேயே சேர்த்து, புது சிடி ரைட் செய்தேன். இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர். முதல் சிடி பூட் ஆகவில்லை, டீ டம்ளர் வைக்க உதவியது. இரண்டாவது பூட் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஷமீமாவும் மாமியாரும் பிள்ளையோடு காத்திருக்க, கேமரா சிஸ்டத்தில் அதைப் போட்டேன்.

"என்னப்பா இது புதுசா?" என்றார் பாய்.

"பேக்கை உள்ளயே கலந்துட்டேன் பாய்."

"உப்புல அயோடின் கலந்து பாக்கெட் போடற மாதிரியா? சரி சரி!" சொல்லும்போதே கை வயரைச் சொருகிவிட்டது. எனக்குக் கொலைவெறி வந்தது.

ஆனால் பெட்டி வரவில்லை. மெசஞ்சரைத் திறந்தோம். பிள்ளை தலைமுதல் கால்வரை தெரிந்தது. "மாஷா அல்லாஹ்" என்று அவன் தேம்பினான். பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டம் அணையவே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மாமியார் கேமராவுக்குள் தலையை நீட்டினார். "புள்ளைக்கு என்னைப் பெத்த அத்தா பேருதான்."

"நாங்க வேற பேரு முடிவு பண்ணிட்டோம் மாமி."

"என்னைக் கேக்காமலா?"

சென்டரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை முற்றியது. திரையில் அவன் என்னைத் தேடினான். "அண்ணே, ஒரு நிமிஷப் பெட்டி ஒண்ணு வருமே, அதைக் கொஞ்சம் வர வெய்யுங்களேன்!"

பாய்தான் வயரைப் பிடுங்கினார். "பேரை போன்ல பேசிக்கங்கம்மா, கஸ்டமர் வெய்ட் பண்றாங்க!" படம் மறைவதற்குள் அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, அப்டேட்டை சிடியிலேயே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வயரை எப்போது பிடுங்க வேண்டும் என்பதை எந்த சிடியிலும் கலக்க முடியாது. அதற்குப் பாய்தான் வேண்டும்.