லேசியாவின் ஊரில் ஒரு மிளகுக் கடை

போன வாரம் சுக்கு வாங்கக் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி பஜாருக்குப் போயிருந்தேன். கடைக்காரச் சேட்டன் யாருக்கோ சதகுப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். சோம்பு மாதிரியும் சீரகம் மாதிரியும், இரண்டும் இல்லாத மாதிரியும் ஒரு வாசனை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கஷாயம் வைக்க வாங்குகிற சாமான் அது. எனக்கோ அதை முகர்ந்ததும் பிரான்சின் வடக்கே ஒரு மாணவர் விடுதியின் சமையலறை ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்காதீர்கள். அந்தச் செடியின் இலையை லேசியா உருளைக்கிழங்கில் தூவுவாள், சூப்பில் தூவுவாள், நான் அசந்தால் என் சாம்பாரிலும் தூவிவிடுவாள்.

எம்.பி.ஏ. படிக்கும்போது ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம் என்றார்கள். நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன். அப்பா இதே பஜாரில் ஏலக்காய்த் தரகர். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம்; வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்களாக நம்பிக்கொண்டிருக்கிறோம். "அவிடெ போயி என்னத்தைப் படிக்கப் போற மோளே? யாவாரம்தானே? அது இந்தத் தெருவுலயே உண்டல்லோ" என்றார் அப்பா. விமான நிலையத்தில் அவர்தான் முதலில் அழுதார்.

விடுதியில் எனக்கு அடுத்த அறை லேசியாவுக்கு. அவளும் என்னைப் போல ஒரு பருவத்துக்கு வந்தவள்; உக்ரைனில், ரஷ்ய எல்லையை ஒட்டிய கார்கிவ் நகரத்துக்காரி. நெடுநெடுவென்று உயரம். சத்தமாகச் சிரிப்பாள். பிரெஞ்சுக்காரர்களுக்கு மிளகாய் தின்னத் தெரியாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து; நட்புக்கு அது போதுமாக இருந்தது.

சந்தைப்படுத்தல் வகுப்பில், புதிய ஊரில் ஒரு கடை திறப்பதற்கான திட்டம் தயாரிக்கச் சொன்னார்கள். கொச்சி மிளகையும் ஏலக்காயையும் லேசியாவின் ஊரில் விற்பது என்று முடிவு செய்தோம். தெருவைக்கூட அவளே தேர்ந்தெடுத்தாள், அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. நான் மிளகின் ரகங்களைப் பற்றி அப்பாவைப் போனில் துளைத்தெடுத்தேன். திட்டத்தை வகுப்பில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. அன்று விடியற்காலையில்தான் அவள் ஊர்மேல் குண்டு விழ ஆரம்பித்தது.

காலையில் சமையலறைக்குப் போனபோது லேசியா நின்றபடியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டு, "அம்மாவும் அப்பாவும் நிலவறையில் இருக்கிறார்கள். வா, வகுப்புக்கு நேரமாகிறது" என்றாள். பேராசிரியர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இன்னொரு நாள் சொல்லலாமே என்றார். "இல்லை, இன்றைக்கே சொல்கிறேன்" என்றாள் அவள்.

திரையில் அந்தத் தெரு தெரிந்தது. "சாயங்காலம் மெட்ரோவிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். கடைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது." குரல் நடுங்கவே இல்லை. பிறகு, எல்லாத் திட்டங்களிலும் கட்டாயம் இருக்க வேண்டிய 'அபாயங்கள்' என்ற பக்கம் வந்தது. அதை எழுதியவள் நான். நாணய மதிப்பு மாறலாம். சுங்கத்தில் சரக்கு தாமதமாகலாம். ஊர்க்காரர்களுக்குக் காரம் பிடிக்காமல் போகலாம். மூன்றையும் வாசித்துவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

மத்தியானம் ஊரிலிருந்து, தோப்பும்படியிலிருந்து, ஒரு போன். அப்பாவுக்குத் தெரிந்த மீன் வியாபாரியின் மனைவி. அவருடைய மகள் அஞ்சு அதே கார்கிவில் மெடிசின் படிக்கிறாள். "மோளே, நீ அவிடெ அல்லே? எந்தெங்கிலும் செய்யான் பற்றுமோ?" ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரே கதறல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பா என்றால் தோப்பும்படிக்கும் வைப்பினுக்கும் இடையே உள்ள தூரம்தான். நான் இருந்த இடத்துக்கும் அஞ்சு இருந்த இடத்துக்கும் நடுவே பாதிக் கண்டம் கிடந்தது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல? பக்கத்தில் லேசியா, "யார் அழுவது?" என்று கேட்டாள். சொன்னேன். அஞ்சுவின் விடுதி முகவரியைக் கேட்டாள். பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்" என்றாள். உடனே அம்மாவை அழைத்தாள்.

லேசியாவின் அம்மா, தலையில் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு, குண்டுச் சத்தத்தினூடே நடந்துபோய் அஞ்சுவைக் கூட்டிவந்து தன் நிலவறையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. ரொட்டியை நீட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். சாப்பிடு என்று அர்த்தமாம். சில நாள் கழித்து அவரே ரயில் நிலையம்வரை வந்து, கூட்டத்தில் அஞ்சுவை முதுகில் கைவைத்துத் தள்ளி ரயிலில் ஏற்றிவிட்டார். அவரும் ஏறியிருக்கலாம். ஆனால் சண்டைக் காலமென்று ஆண்களை நாட்டைவிட்டு வெளியே விடவில்லை. கணவரை விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை.

அம்மாவைக் கூட்டிவருகிறேன் என்று லேசியா போலந்து எல்லைக்குக் கிளம்பினாள். வழியனுப்பப் போன நான், தைரியம் தருகிற மாதிரி எதையாவது சொல்ல நினைத்து, "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். எல்லையில் காத்துக் காத்துப் பார்த்தாள். அம்மா வரவில்லை. அவளே எல்லையைத் தாண்டி ஊருக்குப் போய்விட்டாள்.

அஞ்சு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தாள். மீன் வியாபாரி ஒரு கூடை கரிமீனுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாராம். நாங்கள் மீன் சாப்பிடமாட்டோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிருந்தது. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பருவம் முடிந்து நானும் திரும்பினேன். லேசியா அவ்வப்போது போனில் எழுதி அனுப்புவாள். கரண்ட் இல்லை, தண்ணீர் வந்தது, பூனை குட்டி போட்டது. அடுத்த வருஷம் கோடையில் ஒரு வரி வந்தது: "ரொட்டி வாங்கப் போன இடத்தில் குண்டு விழுந்து அம்மா போய்விட்டாள்." நான் என்னென்னவோ எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

அஞ்சுவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "ஆன்ட்டிக்கு வேண்டி பள்ளியில் ஒரு குர்பானை சொல்லணம். பேரு எந்தா சேச்சீ?" என்று கேட்டாள். சர்ச்சில் பூசை வைக்கத்தான். அத்தனை நாள் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறாள், பெயர் தெரியாது. "கலீனா" என்றேன். ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அம்மாவின் பெயரில் தோப்பும்படியில் பூசை வைத்ததை லேசியாவுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். நெடுநாள் கழித்து ஒரு பதில் வந்தது, தவறான எண் என்று. இப்போது என் போனில் அந்த எண்ணுக்கு நேராக, அவள் முகம் இருந்த இடத்தில், ஒரு சிவப்புக் காரின் படம் இருக்கிறது. யாருடையதோ.