பின்பக்கத்தில் எழுதிய மன்றாட்டு

அந்தோணியாரை நம்பிச் செவ்வாய்தோறும் கோயில் படியேறும் சகோதர சகோதரிகளே, என் மானம் கப்பலேறிய ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். என் மன்றாட்டு கேட்கப்பட்டதும் அதே நாளில்தான்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், ஐப்பசி மழையில், என் மனைவி ஞானம்மாள் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருஷம் அவள் என்னைத் திட்டித்தான் எழுப்பினாள், திட்டித்தான் சோறு போட்டாள். செருப்பை வாசலில் விட்டால் திட்டு. உள்ளே விட்டாலும் திட்டு. அவள் போன பிறகு அந்த வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் போக ஓர் ஊரும் கிடையாது. நத்தம் வண்டிக் கண்டக்டர் தினமும், "சார், இன்னைக்காச்சும் ஏறுறீகளா?" என்று கேட்பார். சோறு இறங்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இப்படியே நானும் போய்விட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

நாற்பது நாள் ஆனது. அந்தச் செவ்வாய் அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். கோயில் வாசலில் இரண்டு தகரப் பெட்டிகள் இருக்கும். ஒன்று மன்றாட்டுக்கு, மற்றது நன்றிக்கு. சீட்டு எழுதிப் போட்டால் உபதேசியார் சபைக்கு வாசிப்பார். நானும் எழுதினேன். சின்னச் சீட்டு, முன்பக்கம் நிரம்பிவிட்டது, மிச்சத்தைப் பின்பக்கம் எழுதினேன். கண் கலங்கியிருந்தது. யாரும் பார்க்குமுன் அவசரமாகப் போட்டுவிட்டு உள்ளே போனேன். போட்டது நன்றிப் பெட்டியில்.

நன்றிச் சீட்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் வரியோடு உபதேசியார் கணீரென்று வாசித்தார்: "பெற்ற நன்மைக்கு நன்றி. அருளப்பன் வாத்தியார் எழுதுவது. என் மனைவி ஞானம்மாள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. வீட்டில் சத்தமே இல்லை."

அவ்வளவுதான். அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில், முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஞானம்மாளின் அக்கா சவரியம்மாள். நவநாளுக்காகவே சின்னாளப்பட்டியிலிருந்து வாராவாரம் வருகிறவர்.

நான் வீடு சேருமுன் அவர் வாசலில் நின்றார்.

"ஏன் மாப்பிள, என் தங்கச்சி போனது உங்களுக்கு அம்புட்டு நிம்மதியா இருக்கோ? அதை ஊரைக் கூட்டி வேற சொல்றீகளோ?"

"மதினி, நான் வந்து..."

"பேசாதீக. கதவத் திறங்க."

திறந்தேன். நேரே அடுப்படிக்குப் போனார். பால் திரிந்திருந்தது, உப்புமா பூசணம் பூத்திருந்தது. பானையை ஏன் மூடவில்லை என்று ஆரம்பித்தார். பிறகு என் சட்டைக் காலர், தாடி, மூலையில் கிடந்த வேட்டி, கடைசியில் செருப்பு. ஒன்றையும் விடவில்லை. அதே குரல். ஞானம்மாளின் இழுவை அப்படியே இருந்தது. நாற்பது நாளாகச் செத்துக் கிடந்த வீடு எழுந்து உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"மதினி, இன்னும் செத்த நேரம் திட்டுங்க" என்றேன்.

அவர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். அந்நேரம் உபதேசியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் என் சீட்டு.

"வாத்தியாரே, பின்னாடியும் எழுதியிருக்கே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சொல்லி அங்கேயே வாசித்தார். "அவள் திட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் ஒரு நாளாவது மனிதக் குரல் கேட்க வழி செய்யும், அந்தோணியாரே."

சவரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உப்ப எங்க வச்சுத் தொலைச்சீக?"

அவர் பொங்கிய சோற்றை அன்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நவநாள் முடிந்ததும் அவர் வந்து திட்டிக்கொண்டே எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது நான் வைக்கிறேன், அவர் குறை சொல்கிறார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றும் ஞானம்மாளின் திட்டுக்காக நின்றுவிடுகிறேன். ஆனாலும் சாயந்திரமானால் கால் தானாக வீட்டுக்கு நடக்கிறது.

துணையை இழந்து உட்கார்ந்திருப்பவர்களே, கூசாமல் கேளுங்கள். எனக்கு ஒரு திட்டு வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். உபதேசியார் திருப்பிப் பார்க்காத பக்கத்தை ஆண்டவர் முதலிலேயே படித்துவிட்டார். இந்த நன்றிச் சீட்டைப் பெரிய தாளில் எழுதி, முன்பக்கத்திலேயே முடித்திருக்கிறேன். சரியான பெட்டிதானா என்று சவரியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.