காவிக் கழுத்துக் கழுகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, கெட்ட பழக்கம் வெற்றிலை மட்டும். தடங்கல் எங்கள் வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

வீடு ஷாப்புக்குப் பின்புறம், பாலாற்றங்கரையில். தோலில் சுரண்டி எடுத்த கொழுப்பையும் சவ்வையும் அங்கேதான் கொட்டுவார்கள். கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல என்பார்கள். எங்கள் மொட்டைத்தலைக் கழுகுகளுக்கு அந்த வேர்வை காய்ந்ததே இல்லை. மலைப்பாறையில் கூடு, ஆற்று மணலில் சாப்பாடு, எங்கள் கூரைமேல் ஓய்வு. வயிறு முட்டத் தின்றால் அவற்றால் பறக்க முடியாது. பந்தியிலிருந்து எழுந்த பெரிய மனிதர்கள் போலத் தெருவில் நடக்கும். நாங்கள் வழிவிடுவோம்.

அதில் ஒன்று, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் விழுந்து எழுந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளை இறகெல்லாம் காவி நிறமாகிவிட, சாமியார் என்று பெயர் வைத்தோம். ஷாப் மேஸ்திரி பாய் அதைக் காட்டி, இவ்வளவு சீராக ஒரு தோலையாவது பதனிட்டிருக்கிறீர்களா என்று ஆட்களைத் திட்டுவார்.

பெண் வீட்டார் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விவசாயம். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் அப்பா வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கினார், கூரையைப் பார்த்தார், காலை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

"கழுகு உக்காந்த வூட்ல மனுஷனே இருக்கக் கூடாதும்பாங்க. நீங்க பொண்ணு வேற கேக்குறீங்க."

அம்மா மேஸ்திரி பாயிடம் போய் அழுதாள். இளகிய மனசுக்காரர். கழிவையெல்லாம் குழிவெட்டிப் புதைக்கச் சொன்னார். கழுகுகள் கொஞ்ச நாள் காத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்ட கூலியாட்கள் போல ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

கூரை சுத்தம், தெரு நாசம். நாய்கள் குழியைத் தோண்டி வீட்டு வாசல்தோறும் பங்கு வைத்தன. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்குகள்கூட முந்தானைக்குள் ஒளிந்தன.

"அந்த மொட்டைங்களே தேவலாம். துன்னுட்டு சும்மா கெடந்துச்சிங்க" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அந்த இனமே அருகிவிட்டது, காப்பாற்ற வேண்டும் என்று இன்று படித்தவர்கள் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். அக்கா கூட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

கூரை காலியான சேதியைச் சொல்ல என் தாய்மாமா அணைக்கட்டுக்குப் புறப்பட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். பெண் வீட்டு வாசலில் மாமா அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் கூரை நிறையக் கழுகுகள். களத்துமேட்டில் கிழட்டு எருமை ஒன்று செத்துக் கிடந்ததாம். நடுநாயகமாக, காவிக் கழுத்தோடு, நம் சாமியார்.

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கழுகு உக்காந்த வூட்ல..." என்று ஆரம்பித்து, மரியாதைக்காகப் பாதியில் விட்டார்.

அவர் மாமாவை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "அந்தக் காவிக் கழுத்து, ஒங்க வூட்ல பாத்ததுதானே?"

"ஆமாங்க. எங்க ஷாப்புல பதம் போட்டது."

மாமா என் காலை மிதித்தார். கல்யாணம் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா குரல் கேட்டது.

"மாப்ள வூட்டு ஆளு மொதல்லியே வந்து உக்காந்துட்டாரு. எருமை நாறாம போனதும் அவரு புண்ணியம். இனிமே இன்னா பேஜாரு? உள்ள கூப்புடுங்க."

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

குழி வெட்டுவதை மேஸ்திரி பாய் நிறுத்தினார். எருமை தீர்ந்ததும் கழுகுகளும் ஊர் திரும்பின. எங்கள் வாசலில்தான் கல்யாணம். நான் தாலி கட்டும்போது பந்தலுக்கு நேர்மேலே ஓட்டில் சாமியார். சடங்கு முடிந்து காலில் விழப் போனேன். மாமியார் என்னைத் தாண்டி அண்ணாந்து பார்த்து, "சாப்ட்டாரா?" என்று அவரைத்தான் முதலில் விசாரித்தார்.