வலது பக்கம் வைத்த கிரௌன்

நான் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது பத்தாம் வகுப்புத் தமிழ். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஒர்க்‌ஷாப் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, செய்ததில் பெருமையான ஒரு வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பெருமையானவையும் சில உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

நெய்யாற்றின்கரைப் பக்கம் செங்கல் என்ற ஊரில் லீலா அக்காவுக்கு வாழைத் தோட்டம். வாழை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் பழைய கார்டன் டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். அதில் கியரும், சக்கரங்களைச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ட்ரான்ஸ்ஆக்ஸில் என்போம். உள்ளே டிஃபரன்ஷியல் பல் உடைந்துவிட்டது. வெளிநாட்டு வண்டி, ஸ்பேர் எங்கும் கிடைக்கவில்லை.

"ஆசானே, வேற வல்ல வழியும் உண்டா?" என்று என்னிடம் கேட்டார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

உண்டு என்று சொல்லிவிட்டேன். பொளித்து, பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட ஒரு காரிலிருந்து டிஃபரன்ஷியலை, கிரௌனும் பினியனும் சேர்த்து வாங்கினேன். கிரௌன் என்பது பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுற்றவைக்கும் சின்னது. கிரௌன் பெட்டியில் இடிக்காமல் இருக்க உட்புறத்தை அரைக்க வேண்டும். பேரிங் உட்காரப் புது புஷ், அதாவது இரும்பு வளையம், கடைய வேண்டும். பெட்டியின் வலது பக்கம் இடம் அதிகம், அரைப்பு குறைவு. நான் கிரௌனை வலது பக்கம் வைத்து அளவு எடுத்தேன்.

புஷ் கடைந்தது ராஜன். அவன் நெய்யாற்றின்கரையில் லேத்து போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. லீலா அக்கா ஒரு வார்த்தை சொன்னால் செங்கல் விவசாயிகள் பம்பையும் கலப்பையையும் அவனிடம் கொண்டுவருவார்கள். அதற்காகவே மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து இதைச் செய்தான்.

அளவைப் பார்த்ததும் கேட்டான்: "அண்ணே, பழைய கிரௌன் இடது பக்கமாக்கும் இருந்தது. இது வலது பக்கத்து அளவு. மாறினா கொழப்பமில்லியா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நீ கடைஞ்சு தா டே. நான் எத்தர பெட்டி பிரிச்ச ஆளு" என்றேன்.

ஒரு ஞாயிறு மாலை லீலா அக்காவின் தோட்டத்தில் வைத்துப் பெட்டியை வண்டியில் பூட்டினோம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். "ராகு காலம் வருது ஆசானே, சீக்கிரம் எடும்" என்று அக்கா அவசரப்படுத்தினார். சக்கரங்களுக்கு முன்னால் நாரங்கா என்கிற எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நான் ஏறி, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது. பிரேக்கைத் தேடுவதற்குள் குலை தள்ளிய இரண்டு ஏத்தன் வாழைகளைச் சாய்த்துவிட்டு நின்றது.

"ஆசானே, நாரங்கா முன்னாலயாக்கும் இருக்கு!" என்று ஒருவர் கத்தினார்.

"அது மக்கா, முன்னால போக ஒரு கியர், பின்னால போக நாலு. கொள்ளாம்!" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

லீலா அக்கா சிரிக்கவில்லை. விழுந்த குலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஆசானுக்குக் கணக்கு பெழைக்காது. லேத்துலதானே அளவு தெற்றிப் போச்சு?"

அப்போது "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்தேன். "லேத்துலயும் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

அக்கா திரும்பினார். "எலே ராஜா, ஒனக்குக் கண்ணு இல்லியா? இடதும் வலதும் தெரியாதவனுக்கு எதுக்குலே லேத்து? இனி செங்கல்லேர்ந்து ஒரு ஆணி கூட ஒனக்கு வராது, கேட்டியா?"

ராஜன் என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தான் என்றே நினைக்கிறேன். பிறகு, "பாத்துச் செய்திருக்கணும் அக்கா. தப்புதான்" என்றான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிரௌன் பக்கம் மாறினால் சக்கரம் எதிராகச் சுற்றும். பிரிக்கும்போதே பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ராஜன் கடைந்த புஷ்ஷில் ஒரு நூல் பிசகில்லை. பிழை நான் கொடுத்த அளவில்தான். இந்த மலர் லீலா அக்காவின் கைக்கும் போகும். அவரிடம் நேரில் இதைச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை பெட்டியை மறுபடியும் இறக்கினேன். மத்தியானம் வரை இடது பக்கத்தை அரைத்தேன். புது புஷ் கடைய அதியன்னூரில் வேறொரு லேத்துக்குப் போனேன்.