அண்ணனிடம் நான் சொன்னது

என் கணவரை இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன். அந்தச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அவருக்குத் தூத்துக்குடி தோணித்துறையில் வேலை. கொழும்புக்குப் போகும் மூட்டைகளின்மேல் கறுப்பு மையால் அடையாள எழுத்துப் போடுவார். உடன்குடியிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கை ஓங்காத, குரல் உயர்த்தாத மனிதர். ஆனால் மூன்று வருஷம் ஆகியும் என் பக்கத்தில் விருந்தாளி மாதிரிதான் படுத்திருந்தார்.

ஒருமுறை தாய்வீடு போனவள், சொன்ன நாளுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டேன். நடுப்பகல். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடுமியை அவிழ்த்துக் கொண்டை போட்டு, முறத்தை மடியில் வைத்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. வீட்டில் ஒரு பெண் வழக்கமாகச் செய்கிற வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன கோலம் இது?" என்றேன்.

"கோலம் இல்லளா. வேட்டி கட்டிட்டுத் துறைக்குப் போறேன் பாரு, அதுதான் கோலம்."

"என்னயப் பிடிக்கலையா உங்களுக்கு?"

"உன்னயப் பிடிக்காமலா? உன்ன மாதிரியே இருக்கணும்னுதான் சின்னதுலேருந்து கெடந்து தவிக்கேன். இத எப்படிச் சொல்லுததுன்னு தெரியாமலே உன்னயும் இழுத்துட்டு வந்துட்டேன்."

அன்று அழுதேன். மறுநாளும் அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திவிட்டு நானே அவருக்குத் தலை பின்னிவிட்டேன். ஒருநாள் பேச்சுவாக்கில், "அக்கா, அந்த உப்பை எடுங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவர் உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். என் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான்.

அதை நானே கெடுத்தேன். பிள்ளை இல்லையென்று, அடுத்த தெருவில் இருந்த மாமியார் என்னை மலடி என்றாள். அவருக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக ஊரெல்லாம் சொன்னாள். கருப்பட்டிப் பாரம் ஏற்றிவந்த அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது, தாங்க முடியாமல், "குறை என்கிட்ட இல்லண்ணே" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் நேரே துறைக்குப் போனான். அத்தனை பேர் பார்க்க அவரை அடித்து, குடுமியை அறுத்து, எதற்காக அடிக்கிறேன் என்பதையும் கத்திச் சொன்னான். வேலை அன்றோடு போயிற்று.

உதடு கிழிந்து வந்தவருக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன். "நாந்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். உன்னயும்தான எல்லாரும் அடிச்சாங்க, வாயால."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பத்து நாளில் கொழும்புக்குத் தோணி ஏறினார். பெட்டியில் நீலச் சேலையை மடித்து வைத்தேன். அவர் அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "சோதனையில பாத்தா எறக்கி விட்டுருவான்" என்று கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

கொழும்பில் ஒரு தையற்கடையில் சேர்ந்தார். மூன்று கடிதம் வந்தது. இரண்டாவதில் இப்படி எழுதியிருந்தார்: "இங்கே வயசான சிங்கள ஆண்கள் நீளமுடி வளர்த்துக் கொண்டை போட்டு, ஆமையோட்டுச் சீப்பும் செருகிக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. முதலில் பார்த்தபோது என் ஊருக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது, அவர்கள் ஆண்கள்தான், கொண்டை போட்ட ஆண்கள். பெண் என்பது சேலையில் இருக்கிறது, கூந்தலில் இருக்கிறது என்று நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதிலெல்லாம் இல்லை. எதுவும் இல்லாமல் இருட்டில் படுத்திருக்கும்போதும் நான் அப்படித்தான் இருக்கிறேன்."

அதைப் பலமுறை படித்தேன். எனக்கு முழுக்க விளங்கப் பல வருஷம் ஆயிற்று. பதில் மட்டும் எழுதவில்லை. என்ன என்று விளித்து எழுதுவதென்றே தெரியாமல் தாளை மடித்து மடித்து வைத்தேன்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம், தோணிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார்: விஷக்காய்ச்சலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் அறையிலேயே முடிந்துவிட்டதாம். அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகியிருந்தது.

துக்கம் கேட்க அண்ணன் வந்தான். நான் கொடுத்த காப்பியை வாங்கித் தரையில் வைத்தான்.

"நான் அன்னைக்குக் கைநீட்டியிருக்கக் கூடாதுளா."

"நான் வாயத் திறந்திருக்கக் கூடாது" என்றேன்.

அவன் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ நல்லது கெட்டதில் சந்தித்தோம். அவரைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.