பின்கதவு திறக்கும் வேன்

"இந்த நீலம் கெடைக்குமா பாப்பா?" என்றபடி அவர் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு பெயிண்ட் செதில் இருந்தது. காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. வேன் டிரைவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அத்தா மதியம் லுஹர் தொழுகைக்குப் போயிருந்ததால் விருதுநகர் பஜாரில் இருக்கும் எங்கள் பெயிண்ட் கடையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். 2005ஆம் ஆண்டு, பங்குனி மாதம்.

"வண்டிக்கா?" என்று கேட்டேன்.

"வண்டிக்குத்தான்."

"எத்தனை லிட்டர்?"

"அம்பது மில்லி போதும்" என்று காலி இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார்.

ஐம்பது மில்லியில் ஒரு வேனின் கண்ணாடிச் சட்டத்துக்குக்கூட அடிக்க முடியாது. கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சின்ன வண்டி பாப்பா. ஒரு அடிக்கு அரை இஞ்சு கணக்கு" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் நீளம் காட்டினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

செதிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பகுதி வெயிலில் வெளுத்துச் சாம்பல் ஓடிக் கிடந்தது. கண்ணாடி ரப்பருக்கு அடியில் இருந்த ஓரம் மட்டும் வெயில் படாமல் ஆழ்ந்த நீலமாக இருந்தது.

"எந்த நீலம் வேணும்ணே? இப்ப இருக்கிறதா, வண்டி வந்தப்ப இருந்ததா?"

அவர் அந்த நீல ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "வந்தப்ப இருந்ததையே குடுங்க. இப்ப இருக்கிறதத்தான் தெனமும் பாக்குறேன்ல."

அதற்குள் அத்தா வந்துவிட்டார். அவருக்கு இவரை முன்பே பழக்கம். "என்ன மாப்ள, இருமல் மருந்து பாட்டில்ல பெயிண்ட் வாங்குறீக? கம்பெனி அம்புட்டு நொடிச்சுப் போச்சா?"

"ஒங்க கடைல லிட்டர் கணக்குல வாங்குனாத்தான் மாமா கம்பெனி நொடிக்கும்."

நான் கலந்து கொடுத்த நீலத்தைக் கட்டைவிரல் நகத்தில் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போனார். காயும்வரை தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஒரு சொட்டு கருப்பு" என்றார். அடுத்த முறை, "கருப்பு கூடிப்போச்சு" என்றார். நான்காவது முறைதான் ஒப்புக்கொண்டார். அப்போது அவருடைய நான்கு நகங்கள் நீலமாக இருந்தன.

அவர் பெயர் பெத்தணன். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு கிராமம். குடும்பத்துக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. மழை பெய்தால் சோளமும் பருத்தியும் விளையும். பெய்யாத வருடங்கள் அதிகமானதால் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேனுக்கு டிரைவராகப் போனார். காலையில் நான்கு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் கம்பெனியில் விட வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டு வந்து இறக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வேன், வெடிமருந்து அறைகளுக்கு எட்டத்தில், வெளிவாசலைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும். அந்த ஏழு மணி நேரத்தில்தான் அவருடைய சின்ன வண்டிகள் உருவாயின.

வளாகத்துக்குள்ளும் அந்த மரத்தடியிலும் நெருப்பு என்ற பேச்சே கூடாது. பீடி, தீப்பெட்டி எல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மற்றவர்கள் ஈயம் உருக்கி ஒட்டும் வேலையை அவர் அதனால் பசையாலும் குண்டூசியாலும் மட்டுமே செய்யப் பழகியிருந்தார். சிவகாசி அச்சகங்களில் வெட்டிக் கழிக்கும் தடித்த அட்டையில் வண்டியின் உடல். காலண்டரின் தலையில் இருக்கும் தகரப் பட்டையில் பம்பர். மாத்திரை அட்டையின் குமிழில் முகப்பு விளக்கு. சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கினால் டயர்.

எந்த வண்டியையும் குத்துமதிப்பாகச் செய்ய மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். ஒருமுறை சாத்தூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில், மாப்பிள்ளை வந்த காரைக் குனிந்து அளந்துகொண்டிருந்திருக்கிறார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்த மாப்பிள்ளையின் சித்தப்பா, அவரைக் கையோடு அழைத்துப் போய் முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்துத்தான் உண்மையைச் சொன்னாராம். "எல போட்ட பெறகு எந்திரிக்கக் கூடாதுல்ல பாப்பா" என்பார். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை அறிந்தவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: பெத்தணன் செய்த வண்டியில் நூல் அளவு பிசகாது.

அவருடைய மனைவி மாரித்தாய் அதே கம்பெனியில் வேலை பார்த்தார், அதே வேனில் போய்வந்தார். ஒருநாள் இருவருமாகக் கடைக்கு வந்தபோது, "வெளையாட்டுச் சாமான் வாங்கப் போனா, கடைக்காரக எந்தப் பிள்ளைக்குன்னு கேக்காக. எங்க வீட்டுக்காரகளுக்குன்னு எப்படிச் சொல்ல?" என்றார். பெத்தணன் அண்ணன் காதில் விழாததுபோல பிரஷ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீல வேனைச் செய்து முடிக்க ஆறு மாதம் ஆனது. முடிந்ததும் செருப்புப் பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். அசல் வேனின் கிழிந்த சீட்டிலிருந்து எடுத்த ரெக்சினிலேயே சின்ன சீட்டுகளைத் தைத்திருந்தார். ஸ்டியரிங் திரும்பியது. பிறகு விரல் நகத்தால் பின்கதவைத் திறந்து காட்டினார். அது சத்தமில்லாமல் திறந்து, சரியாகப் போய் மூடிக்கொண்டது.

"ஊசி முனையக் கிள்ளிக் கீலு செஞ்சேன். நாலு தடவ ஒடிஞ்சு போச்சு. அஞ்சாவதுதான் நின்னுச்சு" என்றார். நான் மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தேன்.

அசல் வேனின் பின்கதவு திறக்காது என்பது எனக்கு அன்று தெரியாது. அதற்கு முந்தைய வருடம் அதன் பூட்டு உடைந்து, ஓடும்போதே கதவு ஒருமுறை திறந்துகொண்டதாம். புதுப் பூட்டு மாட்டுவதற்குப் பதிலாக, வெளிப்பக்கம் இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்துவிடச் சொன்னார் மேனேஜர் நல்லசிவம். உள்ளே கதவை அடைத்து ஒரு பெஞ்சையும் போட்டார்கள். இன்னும் நான்கு பேர் உட்காரலாம். வேனைப் பட்டறைக்கு ஓட்டிப்போனவர் பெத்தணன் அண்ணன். ஆனால் சின்ன வேனைச் செய்யும்போது, வெல்டிங் வைத்த கதவைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அட்டையில் ஒரு கோடு கீறினால் போதும், அது முடிந்துவிடும். திறக்கும் கதவில்தான் வேலை இருந்தது.

2005 ஆயுத பூஜையன்று பெரிய வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, அதன் முன்னால் ஒரு தாம்பாளத்தில் சின்ன வேனை வைத்து அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டார்கள். முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பெத்தணன் அண்ணன் அதைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஆபீஸின் முன்னறையில் இருந்தது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் நல்லசிவம் அதன் பின்கதவைத் திறந்து மூடிக் காட்டுவார்.

2006 ஆவணியில், சீசன் வேலை மும்முரமாக இருந்த ஒரு மாலை, பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சின் பெட்டியிலிருந்து புகை வந்தது. பெத்தணன் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் தீ பிடித்துவிட்டது. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். மாரித்தாயும் இறங்கினார். பின் பெஞ்சில் இருந்த நான்கு பேரில் இருவர் சீட்டுகளின் மேல் ஏறி முன்னால் வந்துவிட்டார்கள். ஆவுடைத்தாயும் பொன்னுத்தங்கமும் வரவில்லை. பெத்தணன் அண்ணன் ஓடிப்போய்ப் பின்கதவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். இரும்பு பழுக்கக் காய்ந்திருந்தது. மாரித்தாய் வந்து பிடித்து இழுக்கும்வரை அவர் விடவில்லையாம்.

ஊர்க்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து கதவைப் பெயர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயர்த்து, எரிந்து, முறுக்கிக் கிடந்த அந்தத் தகட்டைப் பார்த்து, அது முன்பு எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விசாரணையில் அதுதான் கேள்வியாயிற்று. கதவு நல்லபடி திறக்கக்கூடியதுதான், பயத்தில் அந்தப் பெண்கள் திறக்கத் தெரியாமல் இருந்துவிட்டார்கள் என்றது கம்பெனி. அப்படியே பதிவாகிவிட்டால் செத்தவர்கள் மேலேயே பழி போய்ச் சேரும். வெல்டிங் வைத்திருந்தது என்று துணிந்து சொன்னவள் ஆவுடைத்தாயின் மகள் முத்துமாரி ஒருத்திதான். மற்ற பெண்கள், நாங்கள் பக்கத்துக் கதவில் ஏறி இறங்குகிறவர்கள், கவனிக்கவில்லை என்றார்கள். அவர்களுக்குத் தீபாவளி வரைக்கும் வேலை வேண்டியிருந்தது. பட்டறைக்காரருக்கு நினைவில்லை.

பெத்தணன் அண்ணனின் முறை வந்தபோது, நல்லசிவம் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விசாரணை அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

"இந்த வேனத்தான்யா இவரு அளந்து செஞ்சது. இவரு செய்யுறதுல நூல் பிசகாதுன்னு ஊரே சொல்லும். கதவப் பாருங்க" என்று விரலால் திறந்து காட்டினார்.

அதிகாரி வடக்கே இருந்து வந்த இளைஞர். நிதானமான தமிழில் கேட்டார். "இது நீங்கள் செய்ததா?"

"ஆமாங்கய்யா."

"அளவு எல்லாம் சரியாக இருக்குமா?"

"சரியா இருக்குங்கய்யா."

மூன்றாவது கேள்வி வரவில்லை. வெல்டிங் வைத்ததை அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. புது வேன் வந்ததும் அவர்தான் டிரைவர் என்று சொல்லியிருந்தார்கள். கட்டுப் போட்ட கைகளோடு கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். வாசலில் முத்துமாரி நின்றிருந்தாள். அவள் ஒதுங்கி வழிவிட்டாளாம்.

வீட்டில் மாரித்தாய் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க செஞ்ச வேன்ல கதவு தொறக்குது. ஆவுடைத்தாயி அதுலயா ஏறுனா?"

பன்னிரண்டு நாள் கழித்து அவர் எங்கள் கடைக்கு வந்தார். அத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெல்டிங்கிலிருந்து விசாரணை வரை நான் மேலே எழுதியிருப்பதையெல்லாம் அவர் அன்றுதான் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் யாரோ ஒருவர் வந்து சுவருக்கு அடிக்க டிஸ்டெம்பர் கேட்டார். அத்தா இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அலமாரியில் எட்டு டப்பா இருந்தது.

"ரெண்டு கையும் கட்டுல கெடக்கு, எழுத முடியல. ஒரு மனு எழுதணும். அந்த அய்யாவுக்குத் தமிழு மெதுவாத்தான் வருது. இங்கிலீசுலயும் இருந்தா நல்லது. பாப்பா ரெண்டும் படிச்ச பிள்ளைல்ல" என்றார்.

"யோசிச்சுச் செய்ங்க மாப்ள. வேலை போயிரும். ஒங்க மேலயும் கேசு திரும்பும்" என்றார் அத்தா.

"பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனது நான்தான மாமா. பெறகு ஒரு வருசத்துக்கு மேல தெனமும் ஆள ஏத்துனதும் நான்தான. திரும்பட்டும்."

அத்தா என்னைப் பார்த்து, "பேப்பர் எடும்மா" என்றார்.

அந்த மனுவால் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை மறுபடி நடந்தது. அவர் சொன்ன பிறகு பட்டறைக்காரருக்கு நினைவு வந்தது. பின் பெஞ்சிலிருந்து தப்பி வந்த இருவரும் பேசினார்கள். கதவு வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று பதிவானது. அவர் மேலும் வழக்கு வந்தது. தண்டம் கட்டினார், லைசென்ஸ் ஒரு வருடம் போயிற்று, கம்பெனி வேலையும் போயிற்று. சின்ன வேன் சான்றுப் பொருளாக ஏதோ ஓர் அலமாரிக்குள் போனது. அதை அவர் திரும்பக் கேட்கவில்லை. இப்போது ஆலங்குளம் பக்கம் ஒரு கல் குவாரியில், லாரிகளை எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுகிறார். உள்ளங்கைத் தோல் இறுகிவிட்டதால் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. போன வருடம், 2008இல், மறுபடி ஒரு லாரியைத் தொடங்கியிருப்பதாக மாரித்தாய் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு துண்டு அட்டைதான் வெட்ட முடிகிறதாம். லாரியின் பின்பக்கத் தகடு ஒரு இடத்தில் நசுங்கியிருக்கிறது, அந்த நசுங்கலையும் அளந்து குறித்து வைத்திருக்கிறாராம்.

அன்று கடையில், அவர் சொல்லச் சொல்ல முதலில் தமிழில் எழுதினேன். பிறகு ஆங்கிலத்தில். முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பட்டறை, வெல்டிங் வைத்த இரண்டு இடங்கள், பெஞ்சின் நீளம், சின்ன வேனில் கதவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்தது எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார். கடைசியில், "முந்தைய விசாரணையில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. அது அவர் சொன்னதல்ல. அவருக்கு உதவுமே என்று நானாகச் சேர்த்தது. அத்தாவும் அதைக் கேட்டுச் சரி என்பதுபோல இருந்தார்.

பெத்தணன் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"மறக்கல பாப்பா. அந்த வரிய அடிச்சிருங்க. தெரிஞ்சேதான் சொல்லாம வந்தேன்னு எழுதுங்க. இங்கிலீசுலயும் அதே அளவுக்கு இருக்கட்டும், கொறச்சுப் போட்டுறாதீக."